கவுன்சில் கதிரைக்குப் போட்டி: எங்களுக்கும் இடம் உண்டு



சென்ற இதழில் கவுன்சில் வரியில் கழிவு கேட்டு விண்ணப்பிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த கொலியேர்ஸ் வூட் வாசகர் ஒருவர் என்னைக் கண்டபோது, "தம்பி, வரி கட்டுறதும் கழிவு கேக்கிறதும் விளங்கிச்சுது. உந்தக் கவுன்சிலை நடத்திறது ஆர்? அவையை ஆர் அங்க இருத்தினது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர்களை அங்கே இருத்துவது நாங்கள்தான் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. "எங்களிட்ட இன்னும் பிரிட்டிஷ் பாஸ்போட் இல்லையே" என்றார்.

அவரைப் போலவே நினைக்கும் குடும்பங்கள் இந்த விம்பிள்டன், மிச்சம், மோர்டன் பக்கத்தில் நிறைய உண்டு. ஆகவே இம்முறை கவுன்சில் தேர்தல் பற்றியும், அதில் வாக்குப் போடுவது மட்டுமல்ல, வேட்பாளராக நிற்பது பற்றியும் எழுதுகிறேன்.

கவுண்டியும் கவுன்சிலும்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். விம்பிள்டன் முந்தி சரே கவுண்டியைச் சேர்ந்த ஊர். 1905இல் அது தனி நகரசபை ஆனது. ஆனாலும் பெரிய காரியங்களைச் சரே கவுண்டி கவுன்சிலே பார்த்து வந்தது. 1965இல் லண்டன் பெருநகரம் விரிக்கப்பட்டபோது விம்பிள்டன், மிச்சம், மேர்ட்டன்-மோர்டன் ஆகிய மூன்றையும் சேர்த்து மேர்ட்டன் பரோ ஆக்கினார்கள். இன்று எங்கள் உள்ளூராட்சி என்றால் மேர்ட்டன் கவுன்சில்தான். அதன் தலைமையகம் மோர்டன் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் நிற்கிற உயர்ந்த கட்டிடமான சிவிக் சென்ரர். லண்டனுக்கு வெளியே போனால் கவுண்டி கவுன்சில், அதற்குக் கீழே மாவட்டக் கவுன்சில் என்று இரண்டு தட்டாக இருந்த முறையைப் பல இடங்களில் இப்போது ஒன்றாக்கி வருகிறார்கள்.

ரூட்டிங் கடைத்தெருவுக்கு நாங்கள் கிழமைக்கு ஒருதரம் போனாலும் அது மேர்ட்டன் அல்ல, வோன்ஸ்வேர்த் கவுன்சில். நீங்கள் எந்தக் கவுன்சிலைச் சேர்ந்தவர் என்பது வரிப் பத்திரத்தின் தலைப்பில் இருக்கும்.

மேர்ட்டனில் 2022ஆம் ஆண்டு தொடக்கம் 20 வட்டாரங்களும் 57 உறுப்பினர்களும் உண்டு. பெரும்பாலான வட்டாரங்களுக்கு மூன்று பேர், சிலவற்றுக்கு இரண்டு பேர். நான்கு வருடத்துக்கு ஒருமுறை, 2018, 2022, 2026 என்று மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தேர்தல் நடக்கும்.

இவர்களின் கையில் என்ன இருக்கிறது?

விசா விஷயம் கவுன்சிலின் கையில் இல்லை. அது உள்துறை அமைச்சின் வேலை. அதற்குப் பாராளுமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும். வைத்தியசாலையும் பொலிசும் பஸ்சும் இவர்களுடையவை அல்ல. மிச்சமெல்லாம் அநேகமாக இவர்களிடம்தான். குப்பை எடுப்பது, தெரு விளக்கு, பார்க்கிங் பேமிற், நூல்நிலையம், பூங்கா, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் பெறும் விண்ணப்பம், விசேட உதவி தேவைப்படும் பிள்ளைகளின் படிப்பு, வயது போனவர்களுக்கு வீட்டுக்கு வந்து உதவும் பணியாளர், வீடில்லாமல் தெருவில் நிற்பவருக்குத் தற்காலிக இடம், பல குடும்பங்கள் கூடி வாடகைக்கு இருக்கும் வீடுகளின் பாதுகாப்பு, சாப்பாட்டுக் கடையின் சுத்தம். இவ்வளவும் அந்த 57 பேர் போடும் வரவு செலவுத் திட்டத்தில் தங்கியிருக்கின்றன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேர்ட்டன் கவுன்சில் தன் சொந்த வீடுகளை 2010இல் வீடமைப்புச் சங்கம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டது. ஆகவே கூரை ஒழுகினால் முதலில் போக வேண்டியது வீட்டுக்குச் சொந்தக்காரரான அந்தச் சங்கத்திடம். ஆனால் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலும் வீடற்றோருக்கான கடமையும் கவுன்சிலிடமே இருக்கின்றன.

கட்டிட அனுமதியும் கவுன்சிலிடம்தான். விம்பிள்டன் டெனிஸ் கழகம் பூங்காவோரத்துக் கோல்ப் மைதானத்தில் புதிதாக 39 டெனிஸ் தரைகள் போடக் கேட்டது. 2023 ஒக்ரோபரில் மேர்ட்டனின் கட்டிட அனுமதிக் குழு அதை ஏற்றது. அடுத்த மாதம் வோன்ஸ்வேர்த் மறுத்தது. பின்னர் 2024 செப்ரெம்பரில் லண்டன் மாநகர நிர்வாகம் அனுமதி கொடுத்தது. உலகமே அறிந்த கழகமாயினும் முதலில் வந்து நின்றது கவுன்சில் குழுவின் முன்னால்தான். நாளை எங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு மண்டபம் வேண்டுமென்றாலும், கோயிலுக்கு ஒரு சுவர் கூட்டிக் கட்ட வேண்டுமென்றாலும் அதே குழுவிடம்தான் போக வேண்டும். அந்தக் குழுவில் எங்கள் வாழ்க்கை தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லதா, இல்லையா?

நாங்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறோம்?

"உது வெள்ளைக்காரன்ர தேர்தல், எங்களுக்கேன்?" என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளூராட்சித் தேர்தல் என்றால் எங்கள் சனத்துக்கு நினைவில் வருவது வேறு.

இலங்கையில் 1931இலேயே 21 வயது வந்த ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் அது முந்திய காரியம். ஆனால் அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. வடக்கில் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. பிறகு வந்த காலத்தில் பகிஷ்கரிப்பு மட்டுமல்ல, இரத்தமும் சேர்ந்தது. யாழ்ப்பாண மேயராயிருந்த அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27இல் பொன்னாலைக் கோயில் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1981ஆம் ஆண்டு ஜூன் 4இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடந்தது. இங்கத்தைய கவுண்டி கவுன்சிலுக்குக் கிட்டத்தட்ட ஒப்பானது அது. பிரசார காலத்திலேயே வேட்பாளர் தியாகராஜா சுடப்பட்டு இறந்தார். கூட்டணியின் கூட்டத்தில் பொலிசார் சுடப்பட்டனர். அன்றிரவு தொடங்கிய வெறியாட்டத்தில் கடைத்தெரு எரிந்தது, கூட்டணி அலுவலகம் எரிந்தது, யோகேஸ்வரன் எம்.பி.யின் வீடு எரிந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் சாம்பலாயின. வாக்கெடுப்புக்குச் சில நாட்களே இருந்தன. அந்த நிலையிலும் சனம் போய் வாக்குப் போட்டது. யாழ் மாவட்டத்தின் 10 இடங்களையும் கூட்டணி வென்றது. ஆனால் வென்ற சபைக்கு அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை.

1998 ஜனவரியில் பல வருடங்களுக்குப் பிறகு யாழ் மாநகரசபைக்குத் தேர்தல் வந்தது. மேயராகத் தெரிவான சரோஜினி யோகேஸ்வரன் மே 17இல் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த மேயர் சிவபாலன் செப்ரெம்பர் 11இல் குண்டு வெடிப்பில் இறந்தார். ஒரே வருடத்தில் இரண்டு மேயர்கள்.

இதையெல்லாம் கண்டும் கேட்டும் வளர்ந்த சனம் தேர்தல் என்றால் கதவைப் பூட்டிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. வீட்டு மணி அடித்து, கையில் ஒரு தாளோடு ஆள் வந்து, "யாருக்கு வாக்குப் போடுவீர்கள்?" என்று கேட்டால் எங்கள் அம்மாமாருக்கு நெஞ்சு இடிக்கும். ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது உயிர் விஷயம். இங்கே அது வழக்கமான விசாரிப்பு. பதில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம், "இப்ப நேரமில்லை" என்று கதவைச் சாத்தலாம். ஒருவரும் வந்து கேட்க மாட்டார்கள். இந்த வித்தியாசத்தை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் முதல் வேலை.

வாக்குரிமை ஆருக்கு உண்டு?

இந்த நாட்டில் பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் எங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். பொதுநலவாய நாட்டுக் குடிமகன் ஒருவர், 18 வயது வந்தவராய், இங்கே வதிய அனுமதி உள்ளவராய் இருந்தால், பிரிட்டிஷ் பாஸ்போட் எடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கவுன்சில் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். அகதி அந்தஸ்துப் பெற்று ஐந்து வருட அனுமதியில் இருப்பவரும் இதில் அடங்குவார். இலங்கைப் பாஸ்போட் கையில் இல்லாவிட்டாலும் குடியுரிமை போய்விடுவதில்லை.

அகதி விண்ணப்பம் இன்னும் தீர்க்கப்படாமல், எந்த அனுமதியும் இல்லாமல் இருப்பவருக்கு இந்த உரிமை இல்லை. அவர்கள் பதியக் கூடாது. பொய்த் தகவல் கொடுத்துப் பதிவது குற்றம். அது வழக்கையே கெடுத்துவிடும்.

ஐரோப்பாவிலிருந்து லண்டனுக்கு மாறி வந்த குடும்பங்களுக்கு வேறு கணக்கு. நோர்வே அல்லது சுவிஸ் பாஸ்போட் மட்டும் உள்ளவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. ஜேர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து போன்ற நாட்டுப் பாஸ்போட் உள்ளவர்கள் 2020 டிசம்பர் 31க்கு முன் வந்து, சட்டப்படி தொடர்ந்து இங்கே இருந்து வந்தால் கவுன்சில் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். பிந்தி வந்தவர்களுக்கு அது நாட்டைப் பொறுத்தது. கவுன்சிலின் தேர்தல் பகுதியில் கேட்டுத் தெளிவது நல்லது.

வாக்காளர் இடாப்பில் பதிவது சும்மா நடக்காது. ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே பதிய வேண்டும். நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் கேட்பார்கள். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் பதிந்திருக்க வேண்டும். கடன் எடுக்கும்போதும் வங்கிகள் இந்த இடாப்பைப் பார்ப்பதுண்டு. ஆக அதிலும் இலாபம் இருக்கிறது.

2023 மே மாதம் தொடக்கம் வாக்குச்சாவடிக்குப் படமுள்ள அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். இலங்கை, இந்தியப் பாஸ்போட்டும் செல்லும். சாரதி அனுமதிப்பத்திரமும் வயது வந்தோரின் பஸ் பாசும் செல்லும். ஒன்றும் இல்லாதவர்கள் விண்ணப்பித்தால் வாக்காளர் அடையாளச் சான்றிதழ் இலவசமாகத் தருவார்கள். சாவடி காலை 7 மணி தொடக்கம் இரவு 10 மணிவரை திறந்திருக்கும். பகல் சிப்ற், பின்னேரச் சிப்ற் எதில் நின்றாலும் போய் வரலாம்.

வாக்குச் சீட்டிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஊரில் பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்டு, பிறகு மூன்று விருப்பு வாக்கு இலக்கங்களுக்கு அடையாளம் இடுவோம். இங்கே வட்டாரத்துக்கு மூன்று உறுப்பினர் என்றால் ஆட்களின் பெயர்களுக்கு நேரே மூன்று புள்ளடிவரை போடலாம். மூன்றும் ஒரே கட்சியாக இருக்க வேண்டியதில்லை. 1, 2, 3 என்று எழுத வேண்டாம். நான்காவது புள்ளடி போட்டால் சீட்டே செல்லாது.

ஒரு வாக்கு என்ன செய்யும்?

2010இல் மேர்ட்டன் கவுன்சிலில் தொழிற்கட்சிக்கு 28 இடம், கன்சவேற்றிவ் கட்சிக்கு 27 இடம், லிபரல் டெமோகிராட்டுக்கு 2 இடம் கிடைத்தன. மிச்சம் 3 இடம் மேர்ட்டன் பார்க் வட்டாரத்து வதிவாளர்கள் சுயேச்சையாக நின்று வென்றவை. பெரிய கட்சிகள் இரண்டுக்கும் பெரும்பான்மை இல்லை. ஒரு சின்ன வட்டாரத்துச் சனம் தங்களுக்குள் ஒற்றுமைப்பட்டு அனுப்பிய மூன்று பேரும் தராசின் முள்ளாக நின்றார்கள். 2022 தேர்தலிலும் அந்த வட்டாரத்தின் இரண்டு இடங்களையும் அவர்களே பிடித்தார்கள். அவர்களிடம் பெரிய கட்சியும் இல்லை, பெரிய பணமும் இல்லை. தெருத்தெருவாய் ஆளை அறிந்திருந்தார்கள்.

2019 பாராளுமன்றத் தேர்தலில் விம்பிள்டன் தொகுதியின் வெற்றி 628 வாக்கில் தீர்ந்தது. ஈபிரா வீதிக் கணபதி கோயில் தேருக்கு நிற்கிற சனத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 2017இல் வடக்கே நோர்தம்பலண்ட் கவுண்டி கவுன்சில் தேர்தலில் ஒரு வட்டாரத்தில் இருவருக்கும் சரிசமமான வாக்கு. கடைசியில் குச்சி இழுத்துத் தீர்மானித்தார்கள். அந்தக் குச்சியினால் ஒரு கட்சி முழுக் கவுன்சிலிலும் பெரும்பான்மையை இழந்தது. "என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகுது?" என்று அந்த வட்டாரத்தில் வீட்டில் இருந்தவர்கள் பிறகு என்ன நினைத்திருப்பார்கள்?

நிற்பதற்கு என்ன தகுதி?

படிப்புத் தகுதி என்று ஒன்றும் இல்லை. பட்டம் வேண்டாம், ஏ லெவல் வேண்டாம். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு வந்து பக்ரறியில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்களும் நிற்கலாம். கட்டுப்பணமும் கிடையாது. பாராளுமன்றத் தேர்தலுக்கு 500 பவுண் கட்ட வேண்டும். கவுன்சிலுக்கு ஒரு சதமும் இல்லை.

வேண்டியவை இவை. 18 வயது. பிரிட்டிஷ் குடியுரிமை, அல்லது பொதுநலவாய நாட்டுக் குடியுரிமையோடு இங்கே நிரந்தரமாய் வதியும் அனுமதி. வாக்களிக்கத் தற்காலிக அனுமதி போதும். நிற்பதற்கு நிரந்தர அனுமதி வேண்டும் என்ற வித்தியாசத்தைக் கவனியுங்கள். அடுத்து, அந்தக் கவுன்சில் பகுதியோடு ஒரு தொடர்பு: அங்கே வாக்காளராய்ப் பதிந்திருக்க வேண்டும், அல்லது கடந்த 12 மாதமும் அங்கே வசித்திருக்க வேண்டும், அல்லது வீடோ காணியோ வைத்திருக்க வேண்டும், அல்லது முக்கிய வேலைத்தலம் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆக, குரோய்டனில் படுத்து எழும்பி மிச்சத்தில் வேலை செய்யும் ஒரு தொழிலாளி மேர்ட்டனிலும் நிற்கலாம். கவுன்சிலிலேயே சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்தக் கவுன்சிலுக்கு நிற்க முடியாது. கடந்த ஐந்து வருடத்தில் மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவரும் நிற்க முடியாது.

வேட்புமனுவில் அந்த வட்டாரத்து வாக்காளர் பத்துப் பேர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று முந்தி இருந்தது. இப்போது முன்மொழிபவர், வழிமொழிபவர் என்று இரண்டு பேர் போதும். கட்சியின் பெயரில் நிற்பதென்றால் கட்சியின் அனுமதிக் கடிதமும் வேண்டும். நேரம் கடந்த மனுவை ஏற்க மாட்டார்கள்.

வேலைக்காரர்கள் கேட்கும் கேள்வி: "வென்றால் சிப்ற் என்னாகும்?" கூட்டங்கள் பெரும்பாலும் பின்னேரத்தில்தான். 1996ஆம் ஆண்டுத் தொழில் உரிமைச் சட்டத்தின்படி கவுன்சில் உறுப்பினராயிருக்கும் தொழிலாளிக்கு அந்தக் கடமைக்கு நியாயமான நேரம் விடுப்புக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை. கவுன்சில் ஒரு படிப்பணம் தரும். அதை நம்பி வேலையை விட முடியாது. இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

பிரசாரம் என்பது நடை

ஊரில் பிரசாரம் என்றால் ஒலிபெருக்கி, மேடை, மாலை. இங்கே பிரசாரம் என்றால் நடை. மழைக்கோட்டும் நல்ல சப்பாத்தும்தான் முதல் முதலீடு.

கட்சியில் நிற்க விரும்புபவர் தேர்தலுக்கு வெகு முன்பே உறுப்பினராகி, கிளைக் கூட்டத்துக்குப் போய்வர வேண்டும். வேட்பாளரைத் தெரிவு செய்வது பல மாதம் முந்தியே நடந்துவிடும். தெரிவில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெல்ல வாய்ப்பே இல்லாத வட்டாரத்தில் பெயருக்கு நிற்பதற்கும் ஆள் தேடுவார்கள். முதல் முறை அனுபவத்துக்கு அப்படி நிற்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எங்கள் ஆட்களையே அங்கே நிறுத்தினால் ஏன் என்று கேட்க வேண்டும்.

பிறகு துண்டுப்பிரசுரம். கதவு கதவாய்த் தட்டி, யார் ஆதரவு, யார் எதிர், யார் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று தாளில் குறிப்பார்கள். சனி ஞாயிறு பகலும், கிழமை நாளில் வேலை முடிந்து வந்து இருட்டு முன்னும் நடப்பார்கள். தேர்தலன்று தங்கள் ஆதரவாளர் வந்துவிட்டார்களா என்று அறியச் சாவடி வாசலில் சட்டையில் கட்சிப் பூக் குத்திய சிலர் நின்று உங்கள் வாக்காளர் இலக்கத்தைக் கேட்பார்கள். அவர்கள் அரசாங்க அதிகாரிகள் அல்ல. சொல்லாமல் போகலாம்.

கதவு தட்டுவதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பலம் உண்டு. தமிழ் வீட்டுக் கதவு தமிழுக்குத் திறக்கும். அதோடு நின்றால் வெல்ல முடியாது. மேர்ட்டனின் எந்த வட்டாரத்திலும் எங்கள் வாக்கு மட்டும் போதாது. பக்கத்து வீட்டுப் போலந்துக்காரர், கானாக்காரர், பாகிஸ்தான்காரர், தனிய இருக்கும் வெள்ளைக்காரக் கிழவி, எல்லோரிடமும் போய் அவர்களின் தெருவின் பிரச்சினையை அவர்கள் வாயால் கேட்டு வர வேண்டும். பேசும் இங்கிலிஷ் உடைந்திருந்தால் பரவாயில்லை. கேட்ட குப்பைத் தொட்டிப் பிரச்சினையை எழுதி அனுப்பி, பதிலைக் கொண்டுபோய்த் திரும்பவும் அந்தக் கதவைத் தட்டினால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

செய்யக் கூடாதவை

இது எங்கள் சனத்துக்கு முக்கியம். வாக்குக் கேட்பதற்காகச் சாப்பாடு, குடிவகை கொடுப்பது இந்த நாட்டில் தேர்தல் குற்றம். நாங்கள் கூட்டம் என்றால் வடை இல்லாமல் வைக்க மாட்டோம். அன்னதானப் பந்தியில் வாக்குக் கேட்கும் ஆசை வரும். வேண்டவே வேண்டாம். கோயிலின் பெயராலும் சாமியின் பெயராலும் வாக்கை வற்புறுத்துவதும் ஆபத்து. கிழக்கு லண்டனில் ரவர் ஹம்லெற்ஸ் பரோவின் 2014 மேயர் தேர்தலை 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. தீர்ப்பில் கண்ட குற்றங்களில் மத ரீதியான முறையற்ற செல்வாக்கும் ஒன்று. மேயருக்கு ஐந்து வருடத் தடை விழுந்தது. தடை முடிந்தபின் 2022இல் அவரே திரும்பவும் வென்றார் என்பது வேறு கதை.

தபால் வாக்கு இன்னொரு பொறி. "அன்ரி, நான் நிரப்பித் தாறன்" என்று வீட்டுப் பெரியவர்களின் சீட்டை வாங்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். 2024 மே தொடக்கம் பிரசாரகர்கள் மற்றவர்களின் தபால் வாக்கைத் தொடுவதே குற்றம். துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டவரின் பெயர் விலாசமும் வெளியிட்டவரின் பெயர் விலாசமும் இருக்க வேண்டும். செலவுக்கு உச்ச வரம்பு உண்டு. கணக்கைப் பற்றுச்சீட்டோடு கொடுக்க வேண்டும்; தோற்றவரும் கொடுக்க வேண்டும்.

முன்னே போனவர்கள்

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் சில பெயர்கள். வி.கே. கிருஷ்ணமேனன் பிற்காலத்தில் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். மலையாளத்தவர், சென்னையில் படித்தவர். அவர் 1934 தொடக்கம் 1947 வரை லண்டன் சென்ற் பங்கிராஸ் பரோவின் கவுன்சிலராக இருந்து நூல்நிலையக் குழுவை நடத்தினார். ஏழைத் தெருக்களுக்குப் புத்தகம் போக வேண்டுமென்று உழைத்தார். நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, ஒரு கவுன்சில் கதிரையால் நூலகம் திறக்கவும் முடியும் என்பதை அவர் காட்டுகிறார்.

எங்கள் சமூகத்தில் தயா இடைக்காடர் 2013இல் ஹரோ கவுன்சிலின் தலைவராக இருந்தார். கனடாவில் லோகன் கணபதி 2006இல் மார்க்கம் நகரசபைக்குத் தெரிவானார். நோர்வேயில் கம்சாயினி குணரத்தினம் மூன்று வயதில் பெற்றோருடன் போனவர். 19 வயதில் ஒஸ்லோ நகரசபைக்குப் போய், 2015இல் துணை மேயராகி, 2021இல் பாராளுமன்றம் சென்றார். இங்கே அகதிகளாய் வந்த பெற்றோருக்குப் பிறந்த உமா குமரன் 2024 ஜூலையில் கிழக்கு லண்டனில் பாராளுமன்ற உறுப்பினரானார்.

தமிழர் என்றால் போதுமா?

கடைசியாக ஒரு வார்த்தை. தமிழர் நிற்கிறார் என்பதற்காக மட்டும் கண்ணை மூடிப் புள்ளடி போடச் சொல்லி நான் எழுதவில்லை. தேர்த் திருவிழாவுக்குச் சால்வையோடு வந்து படம் எடுத்துவிட்டு நான்கு வருடம் காணாமல் போகிறவர் எந்த மொழி பேசினாலும் எங்களுக்கு உதவாதவர். கதவு தட்டுபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கடந்த வருடம் இந்தத் தெருவுக்கு என்ன செய்தீர்கள்? ஈரச் சுவருள்ள வாடகை வீடுகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? தேர்தல் முடிந்தபின் உங்களை எங்கே, எந்த நாளில் சந்திக்கலாம்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர் தமிழரோ வேற்றவரோ யோசிக்கத் தகுந்தவர்.

எங்கள் ஊரில் வாக்குப் போடப் போய்த் திரும்பி வராதவர்கள் உண்டு. வென்றதற்காகவே செத்தவர்கள் உண்டு. இங்கே சாவடிக்குப் பத்து நிமிட நடை. பாஸ்போட் வரட்டும், வீடு வாங்கட்டும், பிள்ளைகள் படித்து முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டால், இன்னும் நான்கு வருடம் மற்றவர்கள் எங்களுக்காக முடிவெடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கிழமையே வீட்டில் 18 வயது வந்த எல்லோருடைய பெயரும் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அனுமதி உள்ளவர்கள் உடனே பதியுங்கள். படிவம் நிரப்பத் தெரியாத அயல்வீட்டு அம்மாவுக்கும் பக்கத்தில் இருந்து உதவுங்கள்.

அடுத்த இதழில் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் மேன்முறையீடு செய்வது எப்படி என்று பார்ப்போம்.